நாங்கள் ஏறாமல் விட்ட பஸ்

முதலில் மன்னித்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரைக்கும் படித்தவள், அதுவும் கணக்கில் ஒரு தடவை தவறி மறுபடி எழுதித் தேறியவள், பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கம்பெனியில் சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால், பக்கத்து மேசைக்காரிதான் எனக்காகப் பதில் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் அரசாங்கத்து விஷயத்தை எழுதலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. எப்படிச் சிக்கனம் பிடிப்பது என்று அரசாங்கத்துக்குச் சொல்லித்தர நான் ஆளில்லை. ஆனால் எங்கள் ஊர் பஸ் நின்றுபோனதில் அரசாங்கத்தின் பங்கைவிட எங்கள் பங்கு பெரியது. அதை எங்களில் ஒருத்தர்தான் எழுத முடியும். மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது.

எங்கள் ஊர் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. விடிந்தால் பனியன் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து, சந்துக்குச் சந்து நின்று ஹாரன் அடித்து, ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். ஒரு நிமிடம் தாமதித்தால் டிரைவர் போனில் கூப்பிடுவான். வேலை செய்கிற வயதில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊரில் வண்டிக்குப் பஞ்சமே கிடையாது. வேலையெல்லாம் செய்து முடித்தவர்களுக்குத்தான் பஸ் வேண்டியிருந்தது.

அது அரசாங்க டவுன் பஸ். காலை ஒன்பதரைக்கு ஊருக்குள் வந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பி, டவுனுக்குப் போகும். மதியம் கொண்டுவந்து விட்டுவிடும். டவுனில்தான் தாலுகா ஆஸ்பத்திரி, பாங்கு, கருவூலம் எல்லாம். கருவூலத்தில் பென்ஷன்காரர்களைக் கவனிக்கத் தனியாக ஒரு ஜன்னலும் அதற்கு ஓர் ஆளும் இருந்த காலம் உண்டு. அந்த ஆளுக்கும் வயதாகி அவரும் பென்ஷன் வாங்கப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் சிக்கனத்தைப் பற்றிய ஒரு விளம்பரத்தை ஒட்டினார்கள்.

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் எங்கள் ஊர்த் தடத்திலேயே வேலை பார்த்தார். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். இரண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டவள் நான். காலையில் சோற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேன் ஏறுவேன். தம்பி ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிறான். அவன் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் போட இடம் விட்டிருக்கிறார்கள்; லிஃப்ட் இல்லை.

போன வருஷம் அப்பாவுக்கு வாதம் அடித்து இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. கை ஓரளவு வந்துவிட்டது. காலுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி கொடுத்தார்கள். விடாமல் வந்தால் தடியில்லாமல் நடக்கலாம், விட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொன்னார். தம்பியும் ஒன்று சொன்னான். "ஆஸ்பத்திரிக்கு நீங்களே போயிட்டு வர்ற வரைக்கும் அங்கயே இருங்கப்பா. முடியலைன்னா ஈரோட்டுக்கு வந்துருங்க. நான் வந்து கூட்டிக்கறேன்." அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த மூன்றாவது மாடிக்கு ஏறினால் அப்பா திரும்ப இறங்கமாட்டார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஆட்டோவில் போங்கள் என்றால் கேட்கமாட்டார். "ஆட்டோவுல போனா சீக்காளி அம்மணி. பஸ்ஸுல போனாத்தான் மனுசன் வேலைக்குப் போற மாதிரி இருக்குது" என்பார்.

உண்மையில் அவர் வேலைக்குத்தான் போனார். பஸ்ஸில் இப்போதிருக்கிற கண்டக்டர் சின்ன வயதுப் பையன். அப்பாவை அண்ணா என்று கூப்பிடுவான். அப்பா படியில் வலது காலை வைத்து, இடது காலை இழுத்து ஏற்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் திரும்பி, பின்னால் வருகிறவர்களிடம் "முன்னால போங்க, முன்னால போங்க, படியில நிக்காதீங்க" என்பார். பின்னால் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர். ஒருவர் டீச்சரம்மா. தோட்டத்துக்காரர் வீட்டு மகள், தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்ற அக்கா. எங்கள் தெருவில் இருக்கிறவர். டீச்சரம்மா வீட்டுத் தோட்டத்தில்தான் என் தாத்தா பண்ணையத்துக் கூலியாக இருந்தார். ஊருக்குள் இன்னும் அவரவர் தெரு அவரவருக்கு. பஸ்ஸில் மட்டும் டீச்சரம்மாவும் சத்துணவு அக்காவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, முட்டி வலிக்கு யார் மருந்து நல்லது என்று டவுன் வரைக்கும் சண்டை பிடிப்பார்கள். அப்பா நடுவில் நுழைந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள்.

இந்த பஸ்ஸில் கண்டக்டரின் பை நிறைந்ததே இல்லை. பெண்களுக்கு இலவச டிக்கெட். அப்பாவுக்குப் போக்குவரத்துக் கழகம் கொடுத்த பாஸ். ஊரில் காசு கொடுத்து ஏறக்கூடிய ஆம்பிளைகள் பைக்கில் போகிறார்கள். இதைக் கோயம்புத்தூரில் எங்கோ ஒரு அறையில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பையன் அப்பாவின் காதோரம் வந்து சொன்னான்.

"அண்ணா, வர்ற செவ்வாக்கெழம மேலிருந்து ரண்டு ஆபீசருங்க நம்ம டிரிப்புல ஏறிப் பாக்க வர்றாங்க. சொல்லிப்போட்டேன். அப்பறம் உங்க பாடு."

"நீ கவலைய உடு தம்பி. ஊருல நான் எல்லாத்தையும் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

பழைய கண்டக்டருக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு என்று பையன் நினைத்தான். அங்கேதான் வந்தது வினை. அப்பாவின் காலத்தில் ஆபீசர்கள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரைப் பிடிக்கத்தான் ஏறுவார்கள். கூட்டம் இருந்தால் எவனாவது ஒருவன் டிக்கெட் எடுக்காமல் நிற்பான். கண்டக்டருக்கு மெமோ வரும். ஆகவே செக்கிங் என்று துப்புக் கிடைத்தால் பஸ்ஸில் கூட்டமில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரு நல்ல கண்டக்டர் இன்னொரு நல்ல கண்டக்டருக்குச் செய்யும் உதவி. பயணிகளை எண்ணுவதற்கு ஒரு ஆபீசர் வருவார் என்பது அவருடைய சர்வீசில் நடக்காத விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலமே பஸ் நிற்குமிடத்துச் சிமெண்டுப் பெஞ்சில் கூட்டம் போட்டார். நான் வேனிலிருந்து இறங்கியபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஊருக்கு ஒறம்பரை, விருந்தாளிங்க வர்றாங்கன்னு நெனைச்சுக்குங்க. நாமெல்லாம் ஏறி அடைச்சுட்டு ஒக்காந்துக்கிட்டா அவங்க எங்க ஒக்காருவாங்க? அந்தப் பையனுக்கும் கெட்ட பேரு. அன்னைக்கு ஒரு நாள் நம்மாளுக ஆரும் ஏறவேண்டாம்."

"அன்னைக்கு நான் பல் டாக்டரப் பாக்கோணுமுங்கண்ணா" என்றார் சத்துணவு அக்கா.

"பல்லு எங்க போகுது? வெள்ளிக்கெழம பாத்துக்கலாம்."

"போறதுக்கு இருக்கறதே நாலுதானுங்க. அதுலயும் ஒண்ணு ஆடுது."

"ஆபீசருங்களுக்காக ஒரு மூணு நாளு ஆடிட்டிருக்கட்டும். கெவுருமெண்டு சோறு ஆக்கித்தானே வளத்த பல்லு?"

டீச்சரம்மா யோசித்துப் பார்த்து, "கண்டக்டர் சொல்றது சரிதான். வெயில்ல வர்றவங்கள வெறுங்கையோட அனுப்பக்கூடாது. மோரு நான் கொண்டாரேன்" என்றார். படித்தவர் சொல்லிவிட்டதால் அதற்குமேல் யாரும் பேசவில்லை. பஸ் நின்று போகிற அடுத்த ஊருக்கும் அப்பா போன் போட்டுச் சொல்லிவிட்டார். அங்கேயும் மரியாதை தெரிந்த ஜனங்கள்தான், ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் எல்லாம் சரியாகத்தான் பட்டது. பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே கட்டக் கதம்பம் தொடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

செவ்வாய்க்கிழமை நான் கம்பெனியில் இருந்தேன். நடந்ததை அப்பா பெருமையாகச் சொன்னதும், பிறகு சத்துணவு அக்கா நடித்துக் காட்டியதும்தான் எனக்குத் தெரியும்.

பஸ் வந்து நின்றது. வயதான ஆபீசர் ஒருவரும், கையில் போனை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்த சின்ன ஆபீசர் ஒருவரும் இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் பெஞ்சின் முன்னால் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். அப்பா கதம்பத்தைக் கட்டச் சொல்லி டிரைவரிடம் கொடுத்தார். டீச்சரம்மா மோர் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்த பெரிய ஆபீசர் காலிச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இங்க ஆளுங்க ஏறுறதில்லையா?"

"ஏறுவமுங்க. இன்னைக்கு நீங்க சௌகரியமாப் போங்க" என்றார் அப்பா.

"இந்த டிரிப்பு இல்லைன்னா உங்களுக்கெல்லாம் ஏதாவது சிரமமா?"

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், ஊருக்கு வந்த மனிதர் "சிரமமா?" என்று கேட்டால், அதற்கு ஒரே பதில்தான் உண்டு. கேட்டவர் முகம் வாடக்கூடாது. கல்யாண வீட்டுக்காரரை நடுச்சாமத்தில் எழுப்பி இன்னும் இருபது பேருக்குச் சோறு வேண்டும் என்றாலும் அதே பதில்தான் வரும்.

"அதெல்லாம் ஒரு சிரமமும் இல்லீங்க" என்றார் அப்பா.

"நானும் சொன்னேன் அம்மணி, சிரமமில்லீங்கன்னு. டீச்சரம்மா எனக்கு மேல, நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்கன்னே சொல்லிப்போட்டாங்க" என்று என்னிடம் சொன்னார் சத்துணவு அக்கா.

ஆபீசர்களுக்குப் பின்னால் நின்ற கண்டக்டர் பையன் கண்ணாலும் கையாலும் என்னென்னவோ ஜாடை காட்டினானாம். பையன் பயப்படுகிறான் என்று நினைத்து, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று அப்பா பதிலுக்குக் கையாட்டினார். காலி பஸ் கதம்பத்தோடு புறப்பட்டுப் போனது. அடுத்த ஊரில் எளநி வெட்டிக் கொடுத்தார்களாம்.

கொஞ்ச நாளில் பஸ்ஸின் உள்ளே ஒரு காகிதம் ஒட்டினார்கள். நிறுத்துகிறோம் என்றோ குறைக்கிறோம் என்றோ அதில் இல்லை. தடங்கள் 'சீரமைக்கப்படுகின்றன' என்றிருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, தடத்தை நல்லதாக ஆக்கப் போகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். பையன்தான் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏனுங்கண்ணா, அன்னைக்கு ஏறவேண்டாம்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

"ஒரு மரியாத வேண்டாமா தம்பி? உனக்கு மெமோ வந்துட்டா?"

"அவங்க என்னயப் பாக்க வரலீங்கண்ணா. உங்களப் பாக்க வந்தாங்க. எத்தன தலைன்னு எண்ண வந்தாங்க. நீங்க மோரு குடுத்துத் தாட்டிவுட்டுட்டீங்க. பயணிகளே சிரமமில்லைன்னு சொல்லிப்போட்டாங்கன்னு எழுதிட்டாங்க."

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் மாலை போட்டு அனுப்பி வெச்சிருக்கறேன் அம்மணி" என்று மட்டும் சொன்னார். அந்தக் கதம்பத்தில் எனக்கும் பங்கிருந்தது.

பஸ் நின்றது. செவ்வாய் ஒன்பதரைக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் திரும்பி வந்தார். டீச்சரம்மா மகனுடைய காரில் போக ஆரம்பித்தார். சத்துணவு அக்காவை அவர் கூப்பிடவும் இல்லை; இவர் கேட்கவும் இல்லை. அது யார்மேலும் கோபத்தால் அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவது ஒன்று. ஒருவர் காரில் உட்காருவது வேறு. ஒரு மாதம் போனது. ஒருநாள் அப்பா என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கேயப்பா என்றால், குனிந்து பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். அது தெருமுனையில் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம் தம்பி போனில், "வெள்ளாமை முடிஞ்சு மண்டியில கூட்டம் கொறையட்டும், வந்து கூட்டிக்கறேன்" என்றான்.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குவார்கள். பஸ் வேண்டுமென்று மனுக் கொடுக்கப் போவதற்கு பஸ் இல்லை. டீச்சரம்மா காரில் போனோம். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் துணைக்குப் போனேன். காரின் பக்கத்தில் யார் எங்கே உட்காருவது என்று எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தோம். டீச்சரம்மா, "ஏறு ஆயா, எப்பவும் எம்பக்கத்துல தானே ஒக்காருவ" என்று சத்துணவு அக்காவைப் பார்த்து அதட்டிய பிறகுதான் கார் கிளம்பியது.

மனுவை எழுதியது டீச்சரம்மா. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. முதல் பக்கம் முழுக்க இத்தனை வருஷம் பஸ் விட்டதற்கு நன்றி. பஸ் வேண்டும் என்கிற வரி அடுத்த பக்கத்தில், முடிந்தால் என்ற வார்த்தையோடு இருந்தது. மனு வாங்கிய அதிகாரி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மலர்ந்துபோய், "ரொம்ப சந்தோஷம். பாராட்டி எழுதறவங்க குறைவு" என்று பக்கத்தில் வைத்துவிட்டார்.

"உங்களுக்கு வேற ஏதாவது பிரச்சனை?" என்று அப்பாவைக் கேட்டார்.

"பிரச்சனைன்னு ஒண்ணும் இல்லீங்க. உங்களப் பாத்ததே போதுமுங்க."

சத்துணவு அக்காதான் கையை நீட்டி மனுவைத் திருப்பிப் போட்டு, "பொறத்தால பாருங்க சாமி, பொறத்தால" என்றார். நான் சுவரோரம் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒரு பலன் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சோதனைக்காக ஒரு நடை விடுவார்கள், அதே ஆபீசர் வந்து மறுபடி பார்ப்பார் என்று தகவல் வந்தது. இந்தத் தடவை ஏற்பாட்டைச் சத்துணவு அக்கா எடுத்துக்கொண்டார். அப்பாவை அவர் நம்பவில்லை.

"அண்ணா, நீங்க வாயத் தொறக்காம ஏறி ஒக்காருங்க. பஸ்ஸ அடைக்கறது என்ற பொறுப்பு."

அடைத்துவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், பால் சொசைட்டியில் நிற்கிறவர்கள், அடுத்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏறினார்கள். மூட்டுவலியால் வருஷக்கணக்காக வாசலைத் தாண்டாத ஒரு அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். நானும் லீவு போட்டு ஏறினேன். டிரைவர் கியர் போட இடமில்லாமல் இரண்டு பேரை இறங்கி ஏறச் சொன்னார். இத்தனை கூட்டத்தை அந்தத் தடம் திருவிழாவுக்குக்கூடப் பார்த்ததில்லை. பெரிய ஆபீசர் தனியாக வந்து, நெருக்கியடித்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"இந்த பஸ்ஸுலதானுங்க போறோம்."

"அது தெரியுது. எந்த ஊருக்கு?"

"ஊருக்கெல்லாம் போகலீங்க. நீங்க வர்றீங்கன்னாங்க. ஒரு சுத்து வந்துட்டுத் திரும்பிரலாம்னுங்க."

அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவைக் கேட்டார். "எருமைக்குத் தண்ணி காட்டல சாமி. வெசையாத் திருப்பிக் கொண்டாந்து உட்டுருவீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வீடு தேடி வந்த மனிதரிடம் பொய் சொல்லலாமா? சத்துணவு அக்கா எல்லோரையும் ஏற்றிவிட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். ஆபீசர் பேனாவை மூடி சட்டைப் பையில் சொருகினார். முந்தின தடவை ஆளே இல்லை. இந்தத் தடவை ஆள் இருந்தும் யாருக்கும் போகிற வேலை இல்லை. இரண்டுக்கும் ஒரே கணக்குத்தான்.

அப்போது அப்பா எழுந்துவிட்டார். ஆபீசர் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இங்க ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று கையைப் பிடித்துத் தன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வாய்க்கால் மேட்டில் திரும்பியது. அவருடைய இடது கால் தனியாக ஒருபக்கம் போனது. நல்ல கை பிடித்திருந்ததால் விழவில்லை. செருப்பு மட்டும் கழன்று, கூட்டத்தின் காலடியில் போய்விட்டது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

ஆபீசர் ஏறிட்டுப் பார்த்தார். "பெரியவரே, அன்னைக்கும் நீங்கதானே பேசினீங்க? பஸ் நின்னதுல உங்களுக்கு ஏதாவது சிரமமா?"

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"சிரமந்தானுங்க."

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்க்கப் போனேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தாகிவிட்டது, மூடுவதற்கு வெட்கமாக இருந்ததால் மீதியையும் சொன்னேன். "எங்கப்பாவுக்குக் கால் வராதுங்க. பஸ் நின்னதுல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகலீங்க. இப்ப செருப்புக் கழண்டு போச்சு. அதுகூட அவருக்குத் தெரியலீங்க. பஸ் இல்லைன்னா அவரு ஊரவிட்டுப் போகோணுமுங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் காலைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். ஆபீசர் எழுந்துவிட்டார். சத்துணவு அக்கா குனிந்து, கால்களுக்கு நடுவே தேடிச் செருப்பை எடுத்து, அப்பாவின் காலுக்கு முன்னால் வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார் ஆபீசர். அவர் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது எங்கள்மேல் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"அன்னைக்கு நீங்க ஒறம்பரைங்க" என்றார் டீச்சரம்மா.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நீங்க ஆபீசருங்க" என்றார் சத்துணவு அக்கா.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அப்பா, "ஆபீசர்கிட்ட அப்படியா அம்மணி பேசறது?" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீ சொன்னதும் நல்லதுக்குத்தான்" என்றார்.

அரசாங்கம் கல்நெஞ்சு கிடையாது. எங்கள் சிரமத்தைக் கவனித்துப் பாதியளவு தீர்த்துவைத்தது. செவ்வாயும் வெள்ளியும் பஸ் எங்கள் ஊருக்கு வரும், டவுனுக்குப் போகும். திரும்பும்போது வேறு ஊர் வழியாகப் போய்விடும். அதாவது எங்கள் ஊர்ப் பென்ஷன்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். திரும்பி வருவதைப் பற்றி அரசாங்கம் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கிறவரும் இப்போது இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே ஆளாம். வெள்ளிக்கிழமைகளில் சில சமயம் அவர் வருவதில்லை.

அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். பயிற்சி முடிந்ததும் டவுன் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சாயங்காலம் எங்கள் கம்பெனி வேன் அந்த வழியாக வரும்போது டிரைவரிடம் சொல்லி ஏற்றிக்கொள்கிறேன். டீச்சரம்மாவும் அக்காவும் காரில் திரும்புகிறார்கள். ஆடின பல் தானாகவே விழுந்துவிட்டதால் அக்கா இப்போது கண்ணுக்குப் போகிறார். அப்பாவையும் காரில் வரச் சொன்னார்கள். அவர்தான் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவருக்கு வேலை இருக்கிறது. எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறார். கண்டக்டர்கள் அவரிடம் பையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். காலையில் போய்ப் பொழுதோடு வருகிறார், முன்னே வேலைக்குப் போனபோது வந்த மாதிரியே. அவரை ஓய்வு பெற்றவர் என்று இப்போது கருவூலம்தான் சொல்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி ஈரோட்டிலிருந்து வாடகைக் காரோடு வந்துவிட்டான். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டான். கோழிக்குழம்பு வைத்திருந்தேன். சாப்பிடும்போது கேட்டான்.

"இப்படி அரை பஸ்ஸ நம்பிட்டு எத்தன நாளைக்குங்கப்பா? எங்கூட வந்துருங்க. மாடி கொஞ்சம் ஏறோணும், அவ்வளவுதான். அங்க வந்து இருக்கறதுல உங்களுக்கு ஏதாவது சிரமமா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் தம்பி நம்பிவிடுவான், ஆபீசரும் நம்பினார். பதில் எனக்கு நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தம்பி ஆபீசர் இல்லை. அவனிடம் நான் சொன்னால் அது என் சொல்லாகத்தான் இருக்கும். நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"சிரமந்தான் கண்ணு" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் குழம்பு ஊற்றினேன். அவன் இன்னொரு கை சோறு வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது பையிலிருந்து அப்பாவின் துணிகளை எடுத்து மடித்தபடியே கட்டில்மேல் வைத்துவிட்டு, இடது காலுக்கு வார் வைத்த செருப்பாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் திங்கட்கிழமை. பஸ் கிடையாது. அப்பா வீட்டில் இருந்தார். நான் வேலைக்குப் போனேன்.